டிரெய்லரையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்!

கொக்கி முதல் பின்விளக்கு வரை... அறுவடைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி யாரைக் கேட்டாலும், இன்ஜின் ஆயிலை எப்போது மாற்றினார், ஏர் ஃபில்டரை எப்போது சுத்தம் செய்தார் என்று சொல்லிவிடுவார். அதே டிராக்டருக்குப் பின்னால் ஓடும் டிரெய்லரின் ஹப்பைக் கடைசியாக எப்போது பிரித்துக் கிரீஸ் வைத்தார் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வராது. டிராக்டருக்கு எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்ட மீட்டர் இருக்கிறது. சூடேறினால் முள் காட்டிக்கொடுக்கிறது. சத்தம் மாறினால் ஓட்டுபவர் காதுக்கே தெரிகிறது. டிரெய்லருக்கு இப்படி எதுவும் கிடையாது. பின்னால் நடப்பதெல்லாம் இன்ஜின் சத்தத்தில் அமுங்கிவிடும். பேரிங் நொறுங்கிச் சக்கரம் சாயும்போதுதான் திரும்பிப் பார்க்கிறோம்.

சக்கரம் வயலில் சாய்ந்தால் ஒரு நாள் வேலை கெடும். நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போகிற வழியில் சாய்ந்தால், மூட்டைகளை இறக்கி, வேறு வண்டி பிடித்து, மறுபடி ஏற்ற வேண்டும். அதற்குள் ஒரு மழை பிடித்தால் நெல்லும் போச்சு. கொக்கி பின் கழன்றால் இழப்பு இதோடு நிற்காது. 3 டன் பாரத்தோடு தனியாக ஓடும் டிரெய்லரை யாராலும் நிறுத்த முடியாது. இரவில் பின்விளக்கு இல்லாமல் சாலையோரம் நின்ற கரும்பு டிரெய்லரில் இரு சக்கர வாகனம் மோதியது என்ற செய்தியைப் படிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

இவற்றில் பலவற்றைத் தடுக்க ஒரு நாள் வேலை, கொஞ்சம் கிரீஸ், சில நட்டு போல்ட்டுகள், இரண்டு விளக்குகள் போதும். சம்பா அறுவடைக்கோ, கரும்பு வெட்டுக்கோ வண்டி பூட்டுவதற்கு முன் அந்த ஒரு நாளை ஒதுக்கிவிட வேண்டும்.

இரண்டு சக்கரமா, நான்கு சக்கரமா?

நம் ஊர்களில் ஓடும் டிரெய்லர்கள் இரண்டு வகை. ஒரே ஆக்சிலில் இரண்டு சக்கரம் உள்ளது ஒன்று. முன்னும் பின்னுமாக இரண்டு ஆக்சிலில் நான்கு சக்கரம் உள்ளது மற்றொன்று.

நான்கு சக்கர டிரெய்லரில் பாரம் முழுவதையும் அதன் சக்கரங்களே தாங்குகின்றன. டிராக்டர் இழுக்க மட்டும் செய்கிறது. இரண்டு சக்கர டிரெய்லரில் பாரத்தின் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கி மேல் இறங்குகிறது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்தை அழுத்தும். இரண்டு சக்கர டிரெய்லரிலும் இதே கதைதான். பாரத்தைப் பின்னால் தள்ளி ஏற்றினால் டிராக்டரின் பின்சக்கரம் தரையைச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கும். முன்னால் அளவுக்கு மீறி ஏற்றினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கேட்காது. அதனால் முதல் மூட்டைகளை ஆக்சிலுக்கு நேர் மேலே அடுக்கி, முன்னும் பின்னும் பரப்பி, முன்பக்கம் சற்று கூடுதலாக இருக்கும்படி ஏற்ற வேண்டும்.

இறக்கும்போதும் கவனம் தேவை. முன்பக்க மூட்டைகளை மட்டும் இறக்கிவிட்டுக் கொக்கியைக் கழற்றினால், பின்பாரத்தில் முன்கட்டை மேலே எகிறி, பின்னை உருவுகிறவர் முகத்திலேயே அடிக்கும். பின்பக்க பாரத்தை இறக்கி, முன்கட்டைக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்த பிறகே பின்னைத் தொட வேண்டும்.

கொக்கியும் பின்னும்

மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, டிரெய்லருக்குக் கொக்கி பின் அப்படி. இதில் நாலு இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, டிரெய்லரின் முன்கட்டையில் இருக்கும் வளையம். ஓடி ஓடி அதன் துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். ஒவ்வொரு தடவை கிளட்ச் விடும்போதும், பிரேக் பிடிக்கும்போதும் 'டக்' என்று சத்தம் வந்தால் துளை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேய்ந்த வளையத்தின் மேல் வெல்டிங் வைத்து நிரப்புவதைவிட, புது வளையம் மாற்றுவதே பாதுகாப்பு.

இரண்டு, பின். பின் தொலைந்துபோனால் கையில் கிடைத்த கட்டுமானக் கம்பியை வெட்டிச் செருகும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது வளையும், தேயும், ஒரு நாள் ஒடியும். துளைக்குச் சரியான பருமனில், தலை வைத்த, கடினமான எஃகு பின்தான் போட வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்த பின்னை வெல்டிங் வைத்து ஒப்பேற்றக் கூடாது. கையோடு ஒரு உபரிப் பின்னை டூல் பாக்ஸில் போட்டுவைத்தால் இந்தச் சிக்கலே வராது.

மூன்று, பின் மேலே எகிறி வராமல் தடுக்கும் கிளிப். ஓட்டைச் சாலையில் பின்னை வெளியே தள்ளுவது குலுக்கல்தான். கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியைச் சுற்றிவைப்பது ஒரு நாளைக்குத் தாங்கும், ஒரு பருவத்துக்குத் தாங்காது.

நான்கு, பாதுகாப்புச் சங்கிலி. பின்னே கழன்றாலும் டிரெய்லரை டிராக்டரோடு பிடித்துவைப்பது இதுதான். திரும்பும்போது இழுபடாத அளவு தளர்வாகவும், தரையில் உரசாத அளவு குட்டையாகவும் இருக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம், டிரெய்லரை எங்கே பூட்டுகிறோம் என்பது. டிராக்டரோடு வந்த கொக்கி இருக்கும் உயரத்தில்தான் பூட்ட வேண்டும். கலப்பை மாட்டும் மேல்கை இருக்கும் இடத்திலோ, அதற்குப் பக்கத்து உயரத்திலோ பூட்டி இழுத்தால், பாரம் இழுபடும்போது டிராக்டரின் முன்பக்கம் தூக்கி, பின்பக்கமாக ஓட்டுபவர் மேலேயே கவிழ்ந்துவிடும். சேற்றில் சிக்கிய டிரெய்லரை வெளியே இழுக்கும்போது இந்தத் தவறு அதிகம் நடக்கிறது.

ஹப், பேரிங்: கையால் தொட்டுப் பாருங்கள்

ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்புக்குள்ளும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பேரிங்குகள் இருக்கும். உள்பக்கத்தில் ஆயில் சீல் இருக்கும். கிரீஸ் வெளியே போகாமலும், சேறும் தண்ணீரும் உள்ளே வராமலும் காப்பது இந்த சீல்தான். சேற்று வயலில் ஆக்சில் முங்க ஓடிய டிரெய்லருக்கு சீல் வழியாகத் தண்ணீர் இறங்க வாய்ப்பு அதிகம். உள்ளே போன தண்ணீர் கிரீஸைக் கெடுத்து, பேரிங்கில் துரு ஏற்றும்.

பாரத்தோடு 10 கிலோமீட்டர் ஓடியதும் சாலையோரம் நிறுத்தி, இரண்டு ஹப்புகளையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடாக இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த ஹப்பைப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரிக்கும்போது டிரெய்லர் காலியாக, சமதளத்தில், டிராக்டரோடு பூட்டிய நிலையில் நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஆக்சிலுக்குக் கீழே ஜாக்கி கொடுத்துத் தூக்க வேண்டும். தூக்கியதும் உறுதியான மரக்கட்டையோ இரும்பு ஸ்டாண்டோ கொடுக்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் பாரத்தில் திடீரென்று நொறுங்கும். அவற்றை நம்பி வண்டிக்குக் கீழே கை விடக் கூடாது.

சக்கரத்தின் மேல்பக்கத்தையும் கீழ்பக்கத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் பேரிங் தளர்ந்திருக்கிறது. சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்றால் பேரிங் போய்விட்டது.

ஹப்பைக் கழற்றியதும் பழைய கிரீஸை டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, நன்றாகக் காயவைக்க வேண்டும். காற்றடித்துக் காயவைக்கும்போது பேரிங்கைச் சுழலவிடக் கூடாது. உருளைகளில் பள்ளம், நீல நிறம், துருப்புள்ளி இருந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது பேரிங்கை மட்டும் மாற்றி, ஹப்புக்குள் இறுகியிருக்கும் வளையத்தைப் பழையதாகவே விட்டுவிடுவது பணத்தை மிச்சப்படுத்தாது. பழைய வளையத்தின் தேய்மானம் புதுப் பேரிங்கையும் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பிரித்த ஹப்புக்குப் புது சீல் போடுவதும் அவசியம்.

சக்கர பேரிங்குக்கான கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை நிரப்ப வேண்டும். ஹப்பின் உள்வெளியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கிரீஸ் போதும். முழுக்க அடைத்தால் அதுவே சூட்டைக் கிளப்பும்.

நட்டை இறுக்கும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, சுற்றுவது கனமாகும்வரை நட்டை இறுக்குங்கள். பிறகு, சக்கரம் தாராளமாகச் சுற்றும்வரை நட்டைச் சற்றுப் பின்னுக்குத் தளர்த்தி, அடுத்த துளைக்கு நேராக நிறுத்துங்கள். சக்கரம் ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. கடைசியில் புது ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு முனைகளையும் மடக்கிவிடுங்கள். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போட்டால் அது மடக்கிய இடத்தில் ஒடியும்.

டயர் சொல்லும் சேதி

டயர் தேய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு அல்லது பாரம் அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் ஆக்சில் வளைந்திருக்கிறது அல்லது பேரிங் தளர்ந்திருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அப்படியே தேயும்.

காற்று எவ்வளவு என்பதை அடுத்த வண்டிக்காரரைக் கேட்டுப் பிடிக்கக் கூடாது. அளவு, பிளை, கம்பெனி ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். அதிகபட்சக் காற்றும், தாங்கும் எடையும் டயரின் பக்கச் சுவரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கச் சுவரில் நாலு இலக்க எண்ணைத் தேடிப் பாருங்கள். 2319 என்றிருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும், பக்கச் சுவரில் வெடிப்பு ஓடிய பழைய டயர் பாரத்தில் வெடித்துவிடும்.

வீல் நட்டுகளை வரிசையாக இறுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு முதல் லோடு ஓட்டி முடித்ததும் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். நட்டைச் சுற்றித் துரு வழிந்த கோடு தெரிந்தால் அந்த நட்டு தளர்ந்து ஆடியிருக்கிறது.

வளையப்பூட்டு போட்டு மாட்டும் வகை ரிம்மில் காற்றுப் பிடிக்கும்போது, வளையம் சரியாக உட்காராவிட்டால் வெடித்துப் பறக்கும். உயிரையே வாங்கிவிடும் வேகம் அதற்கு உண்டு. கூண்டு வைத்திருக்கும் பஞ்சர் கடையில் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். டயரோடு இருக்கும் ரிம்மில் வெல்டிங் வைப்பதும் இதே அளவு ஆபத்து. உள்ளே சூடேறி டயர் வெடித்துவிடும்.

நேராக ஓடுகிறதா?

பின்னால் வருகிறவர்கள், 'வண்டி சாய்ஞ்சாப்பல ஓடுதே' என்று சொன்னால் ஸ்பிரிங் பட்டையைப் பாருங்கள். பட்டைகளை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட். அது தளர்ந்தால், பட்டைகளின் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட் ஒடிந்து, ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்துவிடும்.

இதைச் சோதிக்க டேப் இருந்தால் போதும். முன்கட்டை வளையத்தின் நடுவிலிருந்து இடப்பக்க ஆக்சில் முனை வரை அளந்துகொள்ளுங்கள். அங்கிருந்து வலப்பக்க முனை வரையும் அளந்து பாருங்கள். நான்கு சக்கர டிரெய்லர் என்றால் முன்கட்டையை நேராக நிறுத்திவிட்டுப் பின் ஆக்சிலுக்கு அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் ஆக்சில் நேராக இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் டயரை மாற்றும் செலவுக்கு முன் யூ போல்ட்டைச் சரிசெய்யுங்கள்.

ஒடிந்த ஸ்பிரிங் பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டவே கூடாது. பதம் ஏற்றிய எஃகு அது. வெல்டிங் சூட்டில் பதம் போய், அதே இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒடியும். ஒடிந்த பட்டையை மாற்றுவதுதான் ஒரே வழி. நான்கு சக்கர டிரெய்லரில் முன் ஆக்சில் திரும்பும் வட்டத் தட்டுக்கும் கிரீஸ் வைக்க மறந்துவிடக் கூடாது.

துருவுக்குக் காரணம் உரமும் எருவும்

பெட்டியின் தரைத்தகடு ஓட்டையாவதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. பொட்டாஷ் உரம் ஒரு வகை உப்பு. கிழிந்த மூட்டையிலிருந்து சிந்திய உரம், மூலையில் ஈரத்தோடு கிடந்தால் தகட்டை அரித்துவிடும். யூரியாவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டைக் காயவிடாது. ஈரமான எருவும் கோழிக்கழிவும் இதே வேலையைச் செய்யும். இவற்றை ஏற்றிய அன்றே பெட்டியைக் கழுவி, பின்கதவைத் திறந்துவைத்துக் காயவிட்டால் தகடு பல வருடம் கூடுதலாக உழைக்கும்.

துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் உள்ளே அரிப்பு தொடரும். கம்பி பிரஷ் போட்டுத் துருவை உதிர்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு பெயின்ட் அடிக்க வேண்டும். மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்துக்கு இது முக்கியம்.

சேஸிஸ் சேனலில் விரிசல் இருக்கிறதா என்று முன்கட்டை சேரும் இடம், ஸ்பிரிங் தாங்கிகள், டிப்பர் கீல் ஆகிய இடங்களில் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். விரிசல் மேல் நேராக வெல்டிங் வைத்தால் அது பக்கத்தில் தொடரும். விரிசல் முடியும் இடத்தில் சின்னத் துளை போட்டு, விரிசலைக் கிரைண்டரால் பள்ளமாக வெட்டி, வெல்டிங்கால் நிரப்பி, மேலே தடித்த தகடு ஒன்றைச் சாய்சதுரமாக வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். டிராக்டரோடு பூட்டியிருக்கும் டிரெய்லரில் வெல்டிங் வைப்பதாக இருந்தால் முதலில் டிராக்டரைக் கழற்றி நகர்த்திவிட வேண்டும். முடியாவிட்டால் பேட்டரி இணைப்பையாவது எடுத்துவிட வேண்டும். பெட்டியில் வைக்கோல் துரும்பு கிடந்தால் பெருக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துக்கொள்ள வேண்டும்.

டிப்பர் தூக்கவில்லை என்றால்...

டிப்பர் ஜாக்கிக்குப் போகும் எண்ணெய் டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெய்தான். பல டிராக்டர்களில் கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான் ஓடுகிறது. பெட்டியைத் தூக்கும்போது எண்ணெயின் ஒரு பகுதி ஜாக்கிக்குப் போய்விடுவதால், அளவு குறைவாக இருக்கும் டிராக்டரில் பெட்டி பாதியில் நின்றுவிடும். எண்ணெய் அளவைப் பெட்டி இறங்கியிருக்கும்போது பார்த்து, குறைந்திருந்தால் டிராக்டர் கையேட்டில் சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

ஹோஸ் மாட்டும் முனையில் ஒட்டிய மண், மாட்டியவுடன் எண்ணெயோடு டிராக்டருக்குள் போய் பம்பையும் வால்வையும் கெடுக்கும். மாட்டும் முன் இரண்டு முனைகளையும் துடைப்பதும், கழற்றியதும் மூடி போடுவதும் செலவில்லாத வேலை.

ஹோஸில் ஊசித் துளை அளவு கசிவு இருந்தாலும் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்துவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவைக் கண்டுபிடிக்க ஒரு அட்டையைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

தூக்கிய பெட்டிக்குக் கீழே, இரும்பு முட்டு கொடுக்காமல் தலையையோ கையையோ நுழைக்கவே கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு குழந்தை லிவரைத் தட்டினால், பெட்டி நொடியில் இறங்கிவிடும். கொட்டும் இடம் சமதளமா, மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் நிமிர்ந்து பார்த்த பிறகே தூக்க வேண்டும்.

இறக்கத்தில் தள்ளும் பாரம்

பல டிரெய்லர்களில் பிரேக் இருந்தும் வேலை செய்வதில்லை. கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். டிரெய்லரில் பிரேக் இல்லாதபோது, மொத்தப் பாரத்தையும் டிராக்டரின் பிரேக் மட்டுமே நிறுத்த வேண்டும். இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, டிராக்டரைப் பக்கவாட்டில் மடக்கிக் கவிழ்ப்பது இதனால்தான்.

சாலைக்கு வரும்போது டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டுங்கள். வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவைத்த பெடலில் ஒன்றை மட்டும் சாலையில் மிதித்தால், வண்டி ஒரு பக்கம் சுழன்றுவிடும். ஏற்றத்தில் ஏற என்ன கியர் தேவையோ, அதே கியரில்தான் இறங்கவும் வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது உயிரோடு விளையாடுவது.

இரவில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் மூன்றும் எரிய வேண்டும். வயர் அறுந்துபோவதுதான் முதல் பிரச்னை. வயரைச் சேனலின் உள்பக்கமாக, பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுக் கட்டினால் கரும்புத் தோகையும் முள்ளும் இழுத்து அறுக்காது. டிரெய்லர் சேஸிஸுக்கு எர்த் வயர் தனியாகக் கொடுப்பது நல்லது. கொக்கி வழியாக வரும் எர்த்தை நம்பினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒளிரும் ஸ்டிக்கர் பின்பக்கம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்பக்கம் வெள்ளை. விளக்கு பழுதானாலும் பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்தில் இது பளிச்சென்று தெரியும். சேறு படிந்தால் தெரியாது என்பதால், சாலை ஏறும் முன் ஒரு ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கரும்பும் வைக்கோலும் பெட்டிக்கு வெளியே தொங்கி விளக்கை மறைக்கக் கூடாது.

வண்டி பழுதாகி இரவில் நின்றுவிட்டால், முடிந்தவரை சாலையை விட்டு இறக்கி, பின்னால் தூரத்திலேயே தெரியும்படி ஒளிரும் முக்கோணத்தை வையுங்கள். கல்லையும் மரக்கிளையையும் சாலையில் போட்டுவிட்டு, வண்டி சரியானதும் அப்படியே விட்டுப்போவது அடுத்த விபத்துக்கு வழி.

பதிவும் காப்பீடும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன்படி டிரெய்லர் தனி வாகனம். டிராக்டருக்குப் போலவே அதற்கும் தனிப் பதிவு எண் உண்டு. டிராக்டருக்கு எடுத்த பாலிசியில் டிரெய்லரும் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டுச் சுமை விவசாயியின் தலையில் விழலாம்.

டிரெய்லர் சரக்கு ஏற்றுவதற்கு மட்டும்தான். நாற்று நடப் போகும் பெண்களையும், கோயில் திருவிழாவுக்குப் போகும் குடும்பத்தையும் பெட்டியில் ஏற்றிப்போவது ஊர் வழக்கமாக இருக்கலாம். கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். கொக்கிக்கும் பெட்டிக்கும் நடுவில் சிறுவர்கள் நின்றுகொண்டு வருவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது.

ஓய்வில் நிற்கும்போது

வேலையில்லாத மாதங்களில் டிரெய்லரை மரத்தடியில் சேற்றிலேயே விடாமல், மேடான இடத்தில் நிறுத்துங்கள். முன்கட்டையைச் சற்றுத் தூக்கிவைத்து, பின்கதவைத் திறந்துவிட்டால் மழைநீர் தேங்காமல் ஓடிவிடும். ஆக்சிலுக்குக் கீழே கட்டை கொடுத்து டயரைத் தரையிலிருந்து எடுத்துவிட்டால், டயர் ஒரே இடத்தில் அழுந்தாது. டயர் மேல் வெயில் படாமல் சாக்கைப் போட்டு மூடுங்கள். ஹைட்ராலிக் முனைகளுக்கு மூடி போட்டு, எல்லா நிப்பிள்களிலும் கிரீஸ் அடித்து வையுங்கள்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய டிரெய்லர் விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணும், சேனலில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் அடிப்பக்கம் படுத்துப் பாருங்கள். விரிசலும் ஒட்டு வெல்டிங்கும் அங்கேதான் தெரியும். மேலே சொன்னபடி டேப் பிடித்து ஆக்சிலை அளந்து, சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

கேள்வி: பக்கப் பலகையை உயர்த்தி அதிகப் பாரம் ஏற்றலாமா?

பதில்: வைக்கோல் போன்ற எடையில்லாத பொருளுக்குப் பலகை உயர்த்தும் வழக்கம் இருக்கிறது. அதற்கும் உயரம் கூடக்கூட வளைவில் கவிழும் வாய்ப்பு கூடும். மண், எரு, கரும்பு ஆகியவற்றுக்குப் பலகையை உயர்த்தினால் ஆக்சிலும் டயரும் தாங்காது. ஆர்.சி.யில் குறித்த எடைதான் எல்லை.

கேள்வி: தூக்கிய டிப்பர் பெட்டி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. என்ன கோளாறு?

பதில்: ஜாக்கியின் கழுத்தில் எண்ணெய் வழிந்தால் ஜாக்கி சீல் தேய்ந்திருக்கிறது. அங்கும் ஹோஸிலும் ஈரமே இல்லாமல் பெட்டி இறங்கினால், டிராக்டர் பக்கத்து வால்வில் கசிவு இருக்கலாம். அதை டிராக்டர் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பார்க்கும்போது இரும்பு முட்டு கட்டாயம்.

கேள்வி: இந்த வேலைகளை முறையாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். பண்ணை இயந்திரங்களை ஓட்டவும் பராமரிக்கவும் பயிற்சி தரும் மத்திய அரசு நிறுவனம் ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டத்தில் உள்ள கார்லதின்னேயில் இருக்கிறது. தென் மாநில விவசாயிகளும் இளைஞர்களும் அங்கே சேரலாம். உள்ளூரில் நடக்கும் பயிற்சிகளைப் பற்றி உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டி எடுக்கும் முன் 5 நிமிடம்

1. கொக்கி பின், கிளிப், சங்கிலி மூன்றும் இருக்கின்றனவா?
2. டயரில் காற்றும், வீல் நட்டு இறுக்கமும் சரியா?
3. பின்கதவுக் கொண்டி பூட்டியிருக்கிறதா?
4. பின்விளக்கு எரிகிறதா, ஸ்டிக்கர் துடைத்தாயிற்றா?
5. பிரேக் பெடல்கள் சேர்த்துப் பூட்டியிருக்கின்றனவா?
6. பெட்டியிலோ, கொக்கி மேலோ யாரும் ஏறியிருக்கிறார்களா?

இந்த 6 கேள்விகளையும் ஒரு அட்டையில் எழுதி, டிராக்டரின் மட்கார்டில் ஒட்டிவைத்துவிட்டால், வாடகைக்கு வண்டி ஓட்ட வரும் புது டிரைவரும் பார்த்துக்கொள்வார்.